அளந்து கொடுத்தலும் அறிந்து கொடுத்தலும்

சென்ற மாதம் எமது சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் அம்பாளுக்குச் சாத்திய சேலைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. களஞ்சிய அறையில் மூன்று அலுமாரிகள் நிறைந்துவிட்டன. ஊரில் கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அவற்றை அனுப்பலாம் என்பதில் எவருக்கும் மாறுபட்ட கருத்து இருக்கவில்லை. எப்படிப் பகிர்ந்து கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது பெரியவர் ஒருவர், "வீட்டுக்கு ஒன்று. எல்லாருக்கும் சமன். அப்பதான் ஒருத்தரும் குறை சொல்ல ஏலாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் என்னையும் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வந்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி எனக்குப் புதியதல்ல. 2015ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அப்போது எட்டு வயதாயிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு லண்டன் லம்பெத்தில் உள்ள இம்பீரியல் வோர் மியூசியத்துக்குப் போயிருந்தேன். பீரங்கியும் விமானமும் காட்டுவதாகச் சொல்லித்தான் கூட்டிப் போனேன். அங்கே 'ஃபேஷன் ஒன் த ரேஷன்' என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய மக்கள் என்ன உடுத்தினார்கள், துணியைப் பங்கீட்டில் எப்படி வாங்கினார்கள் என்பதே அதன் பொருள்.

நச்சுவாயு முகமூடியை வைப்பதற்கு அடியில் தனி அறை வைத்த கைப்பைகள், ஆகாயத் தாக்குதல் சைரன் ஊதியதும் இரவு உடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு ஓடக்கூடிய ஒற்றை அங்கி, பாரசூட் துணியில் தைத்த கலியாணத் தோழியின் சட்டை, விமானப்படையினர் கொண்டு செல்லும் பட்டு வரைபடத்தை வெட்டித் தைத்த உள்ளாடை, இப்படிப் பல இருந்தன. காலுறை கிடைக்காத பெண்கள் காலின் பின்புறத்தில் பென்சிலால் கோடு வரைந்து, காலுறை அணிந்தது போல் வெளியே போவார்களாம். அதைக் கேட்டு மகள் சிரித்தாள். பிறகு ஒரு கூப்பன் புத்தகத்தின் முன்னால் நின்று, "அப்பா, உங்கட ஊரிலயும் இப்பிடிக் கூப்பன் இருந்ததோ?" என்று கேட்டாள். "சாப்பாட்டுக்கு நிவாரண அட்டை இருந்தது பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். உடுப்பைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பங்கீடு எப்படி நடந்தது என்று பார்ப்போம். கணக்கு வேலை பார்க்கும் ஒருவனுக்கு அது வியப்பான ஏற்பாடு.

1941ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, வர்த்தகச் சபைத் தலைவராயிருந்த ஒலிவர் லிட்டெல்டன் உடுப்புப் பங்கீட்டை அறிவித்தார். கடைகள் பூட்டியிருந்த நாள் அது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பணமுள்ளவர்கள் போய் அள்ளிக் குவித்திருப்பார்கள். இரகசியம் வெளியே போகக்கூடாது என்பதற்காகப் புதிய கூப்பன் புத்தகங்களைக்கூட அச்சிடாமல், மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் மிஞ்சியிருந்த மாஜரின் கூப்பன்களையே ஆரம்பத்தில் பாவிக்கச் சொன்னார்கள். ஆடைத் தொழிற்சாலைகளையும் தொழிலாளரையும் போர் உற்பத்திக்குத் திருப்ப வேண்டும், இருக்கும் துணி எல்லோருக்கும் போய்ச் சேரவும் வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். ஆண்களின் மேலங்கிக்கு 16, ஜாக்கெட்டுக்கு 13, கம்பளி நீளக் காற்சட்டைக்கு 8, சப்பாத்துக்கு 7, சாதாரண சேர்ட்டுக்கு 5. இவை ஐந்தையும் ஒவ்வொன்று வாங்கினால் 49 கூப்பன் போய்விடும். மிஞ்சுவது 17. ஒரு சோடி காலுறைக்கு 3 என்றால் மற்றதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களின் கம்பளிச் சட்டைக்கு 11, சப்பாத்துக்கு 5. துணியாக வாங்கினால், 36 அங்குல அகலப் பருத்தித் துணி யாருக்கு 2 கூப்பன். ஆறு யார்ச் சேலை எடுக்க வேண்டுமானால் குறைந்தது 12 கூப்பனாவது போயிருக்கும். அகலத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். எங்கள் கலியாண வீடுகளுக்கு எத்தனை வருடக் கூப்பன் தேவைப்பட்டிருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

1942இல் இந்த 66, 48 ஆனது. பின்னர் இன்னும் குறைந்தது. போர் முடிந்த பிறகும் விடியவில்லை. 1945 செப்டெம்பர் தொடக்கம் 1946 ஏப்ரல் முடிய இருந்த காலத்துக்கு 24 கூப்பன்தான். 1949 மார்ச் மாதத்தில்தான் உடுப்புப் பங்கீடு முடிவுக்கு வந்தது. இடையில் 1942இல் தையலுக்கும் சட்டம் வந்தது. பொத்தான்களுக்கும் பைகளுக்கும் எண்ணிக்கை வைத்தார்கள். காற்சட்டையின் கீழ்மடிப்பைத் தடை செய்தார்கள். குண்டுவீச்சைப் பொறுத்துக்கொண்ட ஆண்கள் இந்த மடிப்பு விடயத்தைப் பொறுக்கவில்லை! வேண்டுமென்றே நீளமான காற்சட்டையை வாங்கி, வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். 1944இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள்.

இத்தனை வருடம் மக்கள் இதை எப்படிப் பொறுத்தார்கள்? எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை என்பது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். 1947 நவம்பரில், பின்னர் இரண்டாம் எலிசபெத் மகாராணியாக இருந்து 2022இல் காலமானவரின் திருமணம் நடந்தது. அப்போது அவர் இளவரசி. கலியாணச் சேலைக்கு ஒப்பான அந்த வெள்ளை அங்கிக்கும் கூப்பன் வேண்டியிருந்தது. மேலதிகமாக 200 கூப்பன் அவருக்கு வழங்கப்பட்டது. நாட்டு மக்கள் பலர் தங்கள் சொந்தக் கூப்பன்களைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள். ஒருவரின் கூப்பனை மற்றவர் பாவிப்பது சட்டவிரோதம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. அரச குடும்பத்துக்குச் சலுகை கிடைத்தது உண்மை. ஆனால் அந்தச் சலுகைக்கும் ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்கு ஊருக்குத் தெரிந்திருந்தது.

இதுவரை வாசித்தவர்கள், "அப்படியானால் பெரியவர் சொன்னது சரிதானே, எல்லோருக்கும் சமன்" என்பீர்கள். நானும் கண்காட்சியின் முதல் பாதியில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு என் தொழில் குறுக்கே வந்தது.

கணக்கியல் படிக்கும் மாணவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பது, வருடத்து வரவை மட்டும் பார்த்து ஒரு வியாபாரத்தின் நிலையைச் சொல்ல முடியாது என்பது. தொடக்க இருப்பு என்ன என்று கேட்க வேண்டும். 1941 ஜூன் முதலாம் திகதி காலையில் ஒரு சீமாட்டியின் அலுமாரியில் நல்ல கம்பளி மேலங்கிகள் நாலைந்து இருந்திருக்கும். அவை போர் முடியும்வரை உழைக்கும். துறைமுகத் தொழிலாளியின் மனைவியிடம் உடுத்தியிருந்ததும் தோய்த்துக் காயப்போட்டதும்தான். இருவருக்கும் 66 கூப்பன். ஒருத்திக்கு அது மேலதிகம், மற்றவளுக்கு அதுதான் எல்லாம். அதுவும், கூப்பன் என்பது வாங்கும் உரிமை மட்டுமே. விலையைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். காசில்லாத பலர் தங்கள் கூப்பனைக் கள்ளச் சந்தையில் விற்றார்கள். எல்லோருக்கும் சமனாக அளந்து கொடுத்த நீதி, இருப்பவன் கைக்கே இப்படித் திரும்பிப் போனது.

பிரித்தானிய அரசாங்கம் இதை அறியாமல் இருக்கவில்லை. சமமான பங்கீட்டோடு நிற்காமல் இரண்டு காரியங்களைச் செய்தது. முதலாவது, 'யூட்டிலிட்டி' என்ற திட்டம். குறிப்பிட்ட தரமுள்ள துணியில், கட்டுப்படுத்திய விலையில் உடுப்புகளைச் செய்வித்தார்கள். சிசி41 என்ற முத்திரை அவற்றில் இருக்கும். வெட்டிய இரண்டு பாற்கட்டிகளைப் போலத் தெரியும் அந்த முத்திரையைக் கண்காட்சியில் பார்த்தேன். ஹார்ட்னெல் போன்ற பெரிய வடிவமைப்பாளர்களையே இந்த மலிவு உடுப்புக்கும் மாதிரி வரையச் செய்தார்கள். ஏழைக்குக் கொடுப்பது ஏனோதானோ என்று இருக்கக்கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இரண்டாவது, மேலதிகக் கூப்பன்கள். கர்ப்பிணிகளுக்கு, கடும் உடலுழைப்புத் தொழிலாளருக்கு, குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கு, வயதுக்கு மிஞ்சி வளர்ந்த பிள்ளைகளுக்கு என்று கூடுதலாகக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் பள்ளிக்கூடத்திலேயே அளந்து பார்த்தார்கள். தாய் ஒருத்தி அதிகாரி முன் நின்று கெஞ்ச வேண்டியதில்லை. பிள்ளை வளர்ந்திருக்கிறதா, அதற்கு இத்தனை கூப்பன் என்று எழுதி வைத்திருந்தார்கள். இதற்கும் அப்பால், பெண்கள் தொண்டர் சேவையினர் பிள்ளைகளின் உடுப்பு மாற்றும் நிலையங்களை நடத்தினார்கள். அளவில்லாமல் போனதைக் கொடுத்து, அளவானதை எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆகவே அங்கே மூன்று அடுக்கு இருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு பங்கு, தேவை கூடியவருக்கு உரிமையாக ஒரு மேலதிகப் பங்கு, அதற்கு மேல் அயலவர் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி. இந்த மூன்றில் ஒன்றைத்தான் நாங்கள் 'சமன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் அனுபவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரித்தானியாவில் 1942 பெப்ரவரியில் சவுக்காரத்துக்குப் பங்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தில் 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது சவுக்காரம் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பெரியவர்கள் சொன்னதைச் சவுக்காரம் இல்லாமலே செய்து காட்டினோம். இன்று கோயில் மண்டபத்தில் இருந்து சாப்பிடும்போது, "அந்தக் கஷ்டம்தான் எங்களை நல்ல மனிதராக்கினது" என்று சிலர் சொல்வதைக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கஷ்டம் தானாக ஒருவரையும் நல்லவராக்காது. ஒட்டுப்போட்ட சேர்ட் லண்டனிலும் ஒன்றுதான், கோண்டாவிலிலும் ஒன்றுதான். லண்டனில் குறையை விதித்தவர்கள் தாங்களும் அதற்குள் இருந்தார்கள். எங்களுக்கு விதித்தவர்கள் வெளியே இருந்தார்கள். பங்கீடு என்பது குறையைச் சேர்ந்து சுமப்பது. தடை என்பது அதை ஒரு பகுதியார் தலையில் ஏற்றிவிடுவது. இரண்டையும் 'போர்க்காலக் கஷ்டம்' என்ற ஒரே பெயரால் அழைப்பது சரியல்ல.

ஆனால் மற்றவர்களைக் குறை சொல்வதோடு நின்றுவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கத் தேவையில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழைக்குள்ளால் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது பதினாறு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். வகுப்பறைக்கு நாலைந்து குடும்பம். சில நாட்களில் ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து துணிப் பொதி வந்தது. குடும்பத்துக்கு ஒரு சேலை, ஒரு சாரம். என் கையெழுத்து நன்றாயிருந்தபடியால் பதிவு எழுதும் வேலையை எனக்குத் தந்தார்கள். ஒரு சீ.ஆர். கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, இலக்கம், பெயர், ஊர், ஒப்பம் என்று வரிசையாக எழுதினேன். பெரிய மனிதனாகிவிட்ட எண்ணம்.

வரிசையில் ஒரு அக்கா வந்தா. கணவன் இல்லை. மூன்று குமர்ப்பிள்ளைகள். நடந்து வந்த வழியில் பெட்டியைத் தவறவிட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளை வெளியே போனால் மற்ற இருவரும் வகுப்பறைக்குள் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மாற்றுடுப்பு ஒன்றுதான் இருந்தது. "தம்பி, இன்னொரு சேலை தந்தால் கிழிச்சு மூண்டு பேருக்கும் பாவாடை தைச்சுப் போடுவன்" என்று மெல்லிய குரலில் கேட்டா. பின்னால் நின்றவர்களுக்கும் அது கேட்டது.

"அக்கா, வீட்டுக்கு ஒண்டுதான். எல்லாருக்கும் சமன்" என்றேன்.

அவ கொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "தம்பி, உம்மட கணக்குச் சரிதான்" என்று சொல்லி ஒப்பம் வைத்துவிட்டுப் போனா. கோபமாகச் சொல்லவில்லை.

அதே பட்டியலில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சேலை பதிந்தேன். நாங்கள் சைக்கிளில் இரண்டு பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள். அம்மாவின் சேலைகள் ஆறு அதற்குள் இருந்தன. ஏழாவதாக இதையும் அம்மா மடித்து வைத்தா. பின்னேரம் துணியின் எண்ணிக்கையும் ஒப்பத்தின் எண்ணிக்கையும் ஒன்றாக வந்தன. பொறுப்பாயிருந்த ஆசிரியர் முதுகில் தட்டி, "நீ கணக்கியல் படிக்க வேணும்" என்றார். படித்தேன். பல்கலைக்கழகம் போய், பின்னர் அகதியாக இங்கு வந்து, அதே தொழிலில்தான் சீவிக்கிறேன். மியூசியத்தில் மகள் கேட்டபோது என்னால் சொல்ல முடியாமல் போனது இதுதான்.

அன்று நான் செய்தது பிழையா? பல வருடமாக எனக்குள்ளே வாதாடியிருக்கிறேன். என் பக்கத்து வாதம் பலவீனமானதல்ல. கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டாவது சேலை கொடுத்திருந்தால், கேட்கத் தெரிந்தவர்களும் குரல் பெரிதானவர்களும் கொண்டு போயிருப்பார்கள். வரிசையின் கடைசியில் நின்ற வாயில்லாத கிழவிக்கு ஒன்றும் மிஞ்சியிராது. விதி என்பது வாயில்லாதவர்களுக்குத் துணை. அதை இன்றும் நம்புகிறேன். முகம் பார்த்துக் கொடுக்கும் ஊர்களில் என்ன நடக்கும் என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

ஆனாலும் இரண்டு பிழை இருக்கிறது. ஒன்று, எங்கள் விதி அரைகுறையானது. வீட்டில் எத்தனை பேர், மாற்றுடுப்பு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கு என் கொப்பியில் கட்டம் இல்லை. அந்தக் கட்டம் இருந்திருந்தால், அவ எல்லோர் முன்னாலும் கேட்டுக் கூச வேண்டியிருந்திராது. தேவையை உரிமையாக எழுதாமல் விட்டால், அது யாசகமாகிவிடும். இதற்கு என்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மற்றது என்னுடையது. அவ கேட்டதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா கட்டாயம் ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருப்பா. எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. பட்டியலில் சரியாக நடந்துவிட்டேன் என்ற நிம்மதியில் எங்கள் பெட்டியை மறந்துவிட்டேன். விதியைக் காப்பது ஒன்று, விதிக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. செய்பவனுக்குத் தெரியும்.

பாஞ்சாலி கதை நம் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. சபையில் அவள் மானம் போக இருந்தபோது கண்ணபிரான் துகில் கொடுத்தார். அளந்து கொடுக்கவில்லை, தேவை தீரும்வரை கொடுத்தார். கடவுளின் கையிருப்புக்கு எல்லை இல்லை, ஆகையால் அவருக்குப் பங்கீட்டுப் புத்தகம் தேவையில்லை. மனிதர்களாகிய எங்களுக்கு இருப்பு மூன்று அலுமாரிதான். அளக்காமல் கொடுக்க எங்களால் முடியாது. அறியாமல் அளப்பதைத் தவிர்க்கலாம்.

ஆகவே கூட்டத்தில் என்னைக் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. அனுப்புவதற்கு முன், அங்கே பொறுப்பெடுப்பவர்களிடம் ஒரு பட்டியல் கேட்போம். அதில் பெயரும் ஒப்பமும் மட்டுமல்லாமல், வீட்டில் எத்தனை பெண்கள், என்ன வயது, சேலை தேவையா, பள்ளிக்கூடச் சீருடைத் துணி தேவையா என்ற கட்டங்களும் இருக்கட்டும். எல்லா வீட்டுக்கும் ஒரு பங்கு கட்டாயம் போகட்டும். ஒரு பகுதியை மேலதிகத் தேவைக்கென்று ஒதுக்கி, அது யாருக்கு, எந்தக் காரணத்துக்கு என்பதை முதலிலேயே எழுதி வைப்போம். வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து இங்கே அனுப்பச் சொல்ல வேண்டாம். கணக்கை மட்டும் அனுப்பினால் போதும். அந்தக் கணக்கை இந்த மலரிலேயே வெளியிடலாம்.

அத்தோடு ஒரு வேண்டுகோள். அம்பாளின் அலுமாரியை எண்ணுவதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும், நானே வந்து எண்ணித் தருகிறேன். எங்கள் வீட்டு அலுமாரிகளின் தொடக்க இருப்பை அவரவர்தான் எண்ண வேண்டும். நான் சென்ற வாரம் என்னுடையதை எண்ணத் தொடங்கினேன். சேர்ட்டுகள் மட்டும் இருபத்துமூன்று. ஒன்றுக்கு 5 கூப்பன் வீதம் பெருக்கிப் பார்த்தேன், 115. 1941இல் ஒரு மனிதனுக்கு ஒரு வருடத்துக்கு முழு உடுப்புக்கும் கிடைத்த அளவு என் சேர்ட்டுகளுக்கே போதாது. காற்சட்டைகளை இன்னும் எண்ணவில்லை.